ரைடர்ஸ் டு தி சீ (நாடகம்)

ரைடர்ஸ் டு தி சீ, அயர்லாந்து நாடக ஆசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் (1871 – 1909) ஆங்கிலத்தில் எழுதிய ஓரங்க நாடகம். தலைப்பை 'கடலுக்குப் போகும் குதிரைக்காரர்கள்' என்று தமிழில் சொல்லலாம். 1903-ல் அச்சில் வந்தது. 1904 பிப்ரவரி 25 அன்று டப்ளின் நகரில் மோல்ஸ்வொர்த் மண்டபத்தில் முதன்முறையாக மேடையேறியது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவில், மாமனாரையும் கணவனையும் மகன்களையும் ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்துவிட்ட மோரியா என்னும் முதியவள், எஞ்சியிருந்த கடைசி மகனையும் இழக்கும் ஒரு நாளின் கதை இது. மேடையில் சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மனிதனுக்கும் கடலுக்கும் நடக்கும் போராட்டம், விதியின் வலிமை என்ற இரண்டு தலைப்புகளில்தான் இந்நாடகம் பெரும்பாலும் வகுப்பறைகளில் விளக்கப்படுகிறது. கல்லூரியில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆசிரியரான பிறகு நானும் அதையே சொன்னேன். ஓய்வு பெற்றபின் நிதானமாகத் திரும்பப் படித்தபோது கடல் அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. கடல் மேடைக்கு வருவதே இல்லை. மேடையில் இருப்பது ஒரு சமையலறை. அங்கே ஒரு சாவு நேர்கையில் வீட்டாரும் ஊராரும் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள், எதைச் செய்யத் தவறுகிறார்கள் என்பதைத்தான் சிங் அணு அணுவாகக் காட்டுகிறார். அந்தக் கோணத்திலிருந்து நாடகத்தைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

சிங், டப்ளின் அருகே புராட்டஸ்டண்ட் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இசை பயின்றார். பிறகு பாரிஸில் இலக்கியம் படித்துக்கொண்டு, இன்னதென்று தீர்மானமில்லாமல் காலம் கழித்தார். 1896-ல் அங்கே கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸைச் சந்தித்தார். அரன் தீவுகளுக்குப் போய் அம்மக்களில் ஒருவராக வாழ்ந்து பார்க்குமாறு யேட்ஸ் அவரிடம் சொன்னார். 1898 முதல் 1902 வரை ஆண்டுதோறும் சிங் அங்கே சென்று சில வாரங்கள் தங்கினார். அயர்லாந்து மொழியைப் பேசக் கற்றார். அந்த அனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய 'தி அரன் ஐலண்ட்ஸ்' என்ற நூல் 1907-ல் வெளிவந்தது.

அரன் தீவுகள் கால்வே விரிகுடாவின் வாயிலில் கிடக்கும் மூன்று சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். விளைநிலம் என்று இயற்கையாகப் பெரிதாக ஒன்றும் இல்லை. கடல் மணலையும் பாசியையும் பாறைமேல் பரப்பி மக்களே வயலை உண்டாக்கினார்கள். மரமும் அரிது. இந்த ஒரு தகவல் தெரிந்தால்தான், நாடகத்தில் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் புதுப் பலகைகள் ஏன் அத்தனை பேச்சுக்கு உள்ளாகின்றன என்பது புரியும். சவப்பெட்டிக்கான பலகையைக் கடல் தாண்டி, பெருநிலத்தில் உள்ள கானமாராவிலிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கி வர வேண்டும்.

நாடகத்தின் இரண்டு முக்கியமான நிகழ்ச்சிகளைச் சிங் தீவில் கேட்டறிந்தார். ஒன்று, வடக்கே டோனகால் கரையில் ஒதுங்கிய ஒரு பிணத்தின் உடைமைகளைக் கொண்டு, அது தங்கள் ஆள்தான் என்று தீவில் உள்ளவர்கள் அடையாளம் கண்டது. மற்றொன்று, குதிரைகள் கடல்துறைக்கு இறங்கி வரும்போது, முன்பே மூழ்கி இறந்த தன் மகன் அவற்றில் ஒன்றின்மேல் அமர்ந்து வருவதை ஒரு கிழவி கண்டாள் என்ற கதை. அவள் அதை வெளியே சொல்லவில்லை; அன்றே வேறொருவன் கடலில் மூழ்கினான்.

அந்நூலில் ஒரு மூதாட்டியின் அடக்கத்தைப் பற்றிய வர்ணனையும் உண்டு. அங்கே பெண்கள் கூடி 'கீன்' என்னும் புலம்பலைப் பாடினர். தமிழில் அதற்கு மிக அருகில் உள்ள சொல் ஒப்பாரி. அந்தப் புலம்பல் இறந்துபோன ஒரு கிழவிக்காக மட்டும் எழுந்ததாகச் சிங்குக்குப் படவில்லை. காற்றோடும் கடலோடும் ஓயாமல் மல்லுக்கட்டும் மக்கள், மற்ற நாட்களில் அமைதியாக மறைத்து வைத்திருக்கும் கலக்கமெல்லாம் அந்த ஒரு நேரத்தில் ஒன்றாக வெளிப்படுவதாக அவர் எழுதினார். நாடகத்தின் கடைசிப் பகுதி அந்த அடக்கத்தைப் பார்த்தவரால் மட்டுமே எழுதக்கூடியது.

கதை

மோரியாவின் மகன் மைக்கேல் காணாமல் போய் ஒன்பது நாள் ஆகிறது. டோனகாலில் மூழ்கி இறந்த ஒருவனின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட சட்டையையும் ஒரு காலுறையையும் இளம் பாதிரியார் நோராவிடம் கொடுத்தனுப்புகிறார். நோராவும் அவள் அக்கா காத்லீனும் அந்த மூட்டையைத் தாயின் கண்ணில் படாமல் பரணில் ஒளிக்கிறார்கள். அங்கே எரிப்பதற்கான காய்ந்த மண்கட்டிகள் கிடக்கின்றன. தம்பி பார்ட்லி, கால்வே சந்தையில் குதிரைகளை விற்பதற்காகப் படகேறப் புறப்படுகிறான். தாய் தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. சிவப்புப் பெண்குதிரைமேல் அவன் போக, சாம்பல்நிறக் குட்டைக்குதிரை பின்னால் வருகிறது.

தாய் அவனுக்கு ஆசி கூறாமல் அனுப்பிவிடுகிறாள். அவனுக்காகச் சுட்ட ரொட்டியைக் கொடுக்கவும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீரூற்றுக்கு அருகே வழிமறித்து ரொட்டியைக் கொடுத்து, ஆசியும் சொல்லிவிட்டு வருமாறு மகள்கள் தாயை அனுப்புகிறார்கள். அவள் போன சமயத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். காலுறை நோரா பின்னியது. 60 கண்ணிகள் போட்டு 4 கண்ணிகளை விட்ட கணக்கு அவளுக்கு நினைவிருக்கிறது. இறந்தவன் மைக்கேல்தான்.

மோரியா ரொட்டியைக் கையில் வைத்தபடியே திரும்பி வருகிறாள். பின்னால் வந்த குதிரைமேல் மைக்கேல் நல்ல உடையும் புதுச் செருப்புமாக அமர்ந்திருப்பதைக் கண்டதாகச் சொல்கிறாள். தன் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் எப்படிப் போனார்கள் என்று அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பெண்கள் உள்ளே வருகிறார்கள். பின்னால் ஆண்கள் பார்ட்லியின் உடலைப் பலகையில் சுமந்து வருகிறார்கள். சாம்பல்நிறக் குதிரை அவனைக் கடலில் தள்ளிவிட்டது.

கைமாறும் பொருட்கள்

இந்த நாடகத்தில் எந்தப் பொருளும் யாருக்காக வைக்கப்பட்டதோ அவருக்குப் போய்ச் சேர்வதில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது கவனித்தால் வியப்பாக இருக்கும்.

சுவரோரப் பலகைகள் மைக்கேலின் சவப்பெட்டிக்காக வாங்கியவை. அவை பார்ட்லிக்கு ஆகின்றன. பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் புதுக் கயிற்றை, மைக்கேலின் உடல் கரையொதுங்கினால் குழியில் இறக்கத் தேவைப்படும் என்று தாய் காத்து வைத்திருக்கிறாள். அந்தக் கயிற்றை பார்ட்லி குதிரைக்குக் கடிவாளமாக எடுத்துக்கொண்டு போகிறான். மைக்கேலின் சட்டையையும் அன்று காலை அவன்தான் போட்டுக்கொண்டான், தன்னுடையது உப்பேறிக் கனத்துக் கிடந்ததால். மைக்கேல் கொண்டுவந்த கைத்தடியை ஊன்றிக்கொண்டுதான் மோரியா ஊற்றுக்குப் போகிறாள். வெளி உலகத்தில் முதியவர்கள் பிள்ளைகளுக்குப் பொருளை விட்டுவிட்டுப் போகிறார்கள், இங்கோ இளைஞர்கள் முதியவர்களுக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற பொருளில் அவள் அப்போது பேசுகிறாள்.

தம்பி அண்ணனின் சட்டையில் போகிறான். அண்ணன் தம்பியின் பின்னால் குதிரையில் வருகிறான். சட்டையைப் பற்றிய பேச்சு நாடகத்தில் மிகச் சாதாரணமாக, தேடும்போது கிடைக்காத ஒரு பொருளைப் பற்றிய பேச்சாகவே வருகிறது. பைபிளின் திருவெளிப்பாட்டில் வரும் வெளிறிய குதிரையோடு சாம்பல்நிறக் குதிரையை ஒப்பிடும் விமர்சகர்கள் உண்டு. அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அந்தச் சட்டைதான் அதிகம் நடுக்கம் தருகிறது. வறுமையான வீட்டில் ஒருவர் துணியை மற்றவர் போட்டுக்கொள்வது அன்றாட வழக்கம். அந்த வழக்கத்துக்குள்ளேயே சாவும் கைமாறுகிறது.

கடைசியாக ரொட்டி. திரை விலகும்போது காத்லீன் மாவு பிசைந்து முடித்து, அடுப்போரச் சட்டியில் ரொட்டியை வைக்கிறாள். பார்ட்லிக்கான ரொட்டி அது. அவன் சாப்பிடாமல் போகிறான். தாய் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறாள். அவன் பிணமாக வந்தபின், சவப்பெட்டி செய்யப்போகும் முதியவரிடம் காத்லீன் சொல்கிறாள்: வீட்டில் புது ரொட்டி இருக்கிறது, வேலை செய்யும்போது நீங்கள் சாப்பிடலாம்.

துக்க வீட்டில் யாராவது ஒருவர் அடுப்பை நினைக்க வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் பசியோடு வேலை செய்யக் கூடாது. தம்பிக்குச் சுட்ட ரொட்டியைத் தம்பியின் பெட்டி செய்பவர்களுக்குக் கொடுப்பது கொடுமை என்று தோன்றலாம். காத்லீனுக்கு அப்படித் தோன்றவில்லை. சிங்கும் அதை அழுத்திக் காட்டவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்த வீட்டின் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் இடம் அதுதான்.

தொண்டையில் நின்ற ஆசி

பொருட்களைப் போலவே ஒரு சொல்லும் நாடகத்தில் கைமாறுகிறது. அது ஆசி.

வாசலைத் தாண்டும்போது பார்ட்லி, கடவுளின் ஆசி இங்கிருப்பவர்களுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அயர்லாந்து கிராமத்தில் அது பெரிய பிரார்த்தனை அல்ல. நாம் 'போயிட்டு வரேன்' என்று சொல்வது போன்ற வழக்கமான பேச்சு. பதிலுக்கு 'போயிட்டு வா' என்று சொல்லியாக வேண்டும். நம் வீடுகளிலும் 'போ' என்று மட்டும் சொன்னால் பாட்டிமார் கடிந்துகொள்வார்கள். மோரியா பதில் சொல்லவில்லை. மாறாக, இரவு வருவதற்குள் தனக்கு ஒரு மகனும் இருக்கமாட்டான் என்று சொல்லிவிடுகிறாள். புறப்படுபவன் காதில் விழும்படி இப்படியா பேசுவது என்று காத்லீன் அதட்டுகிறாள்.

ஊற்றருகே மோரியாவுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. அவன் குதிரையில் கடந்து போகும்போது மறுபடியும் அவளுக்கு ஆசி சொல்கிறான். அவளும் பதில் சொல்ல முயல்கிறாள். ஏதோ ஒன்று தொண்டையை அடைக்கிறது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து, பின்னால் மைக்கேலைக் காண்கிறாள்.

இந்த நாடகத்தில் விதி என்ற ஒன்று இருந்தால், அது கடலில் இல்லை, இந்தத் தொண்டை அடைப்பில் இருக்கிறது. மோரியாவின் துக்கத்தில் குற்ற உணர்வும் கலந்திருக்கிறது. பெற்ற தாய்க்குச் சொல்ல வேண்டிய ஒரே சொல் இருந்தது, அதை இருமுறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நாடகம் எங்கும் கூறவில்லை. ஆனால் அவளோடு உட்கார்ந்து அழுபவர்கள் யாரும் அந்தப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. அது அவளுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் நாடகத்தின் முடிவு விளங்கும்.

ஊர் உள்ளே வருதல்

மோரியா தன் வீட்டுச் சாவுகளைச் சொல்லும் பகுதி நாடகத்தின் உச்சம். மாமனார், கணவர், ஆறு மகன்கள் என எட்டு ஆண்கள். ஸ்டீபனும் ஷானும் பெருங்காற்றில் போனார்கள். இருவரையும் ஒரே பலகையில் தூக்கி வந்தார்கள். ஷேமஸும் அவன் தகப்பனும் தகப்பனின் தகப்பனும் இருட்டில் போனார்கள். விடிந்தபின் ஒரு குச்சிகூடக் கிடைக்கவில்லை. பேட்ச் சென்ற தோல்படகு கவிழ்ந்தது. அன்று அவள் கைக்குழந்தையான பார்ட்லியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் இருவர், மூவர், நால்வர் என வந்து, ஒன்றும் பேசாமல் சிலுவைக் குறி இட்டார்கள். பின்னால் ஆண்கள் பாதிச் சிவப்புப் பாயில் எதையோ சுமந்து வந்தார்கள். நீர் சொட்டி வாசல்வரை தடம் விழுந்தது.

இதைச் சொல்லி அவள் கதவை நோக்கிக் கை நீட்டும்போது, கதவு மெல்லத் திறக்கிறது. முதிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து சிலுவைக் குறி இட்டு, தலையில் சிவப்புப் பாவாடைத் துணியைப் போர்த்தியபடி மண்டியிடுகிறார்கள். சொல்லிக்கொண்டிருந்த கதையே வீட்டுக்குள் நுழைகிறது. மோரியாவுக்கே குழப்பம் வருகிறது. வருவது பேட்சா, மைக்கேலா, யார் என்று கேட்கிறாள்.

அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை. ஓரிரு வரிகளுக்கு மேல் வசனமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு எங்கே மண்டியிட வேண்டும், எப்போது மெல்லிய குரலில் புலம்பத் தொடங்க வேண்டும் என்பது தெரிகிறது. ஒருவரும் 'அழாதே' என்று சொல்லவில்லை. ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட நாடகத்தில் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறுதல் சொன்னவர் ஒருவர்தான்: இளம் பாதிரியார். ஒரு மகனும் இல்லாமல் கடவுள் அவளைத் தவிக்கவிடமாட்டார் என்று அவர் சொன்னதாக நோரா தெரிவிக்கிறாள். அவர் மேடைக்கு வருவதே இல்லை. அவர் சொன்னது அன்றைக்கே பொய்யாகிவிடுகிறது. அவரைப் போன்றவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று மோரியா சொல்லும்போது அதில் கோபம்கூட இல்லை.

ஆணி

நான் பணியிலிருந்தபோது ஒருமுறை, தேர்வுகள் முடிந்த வாரத்தில், மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு இந்நாடகத்தின் கடைசிப் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். விதி, கடல் என்று விளக்கத் தயாராக இருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஆணி இல்லைன்னா பெட்டியை எப்படி டீச்சர் செய்வாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார வைத்துவிட்டேன்.

அவள் கேட்ட இடம் இது. பெட்டி செய்ய ஒப்புக்கொண்ட முதியவர், பலகையோடு ஆணி இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை, ஆணியை நினைக்கவில்லை என்கிறாள் காத்லீன். எத்தனையோ பெட்டி செய்வதைப் பார்த்தவள் ஆணியை மறந்துவிட்டாளே என்று இன்னொருவர் வியக்கிறார். அவளுக்கு வயதாகிவிட்டது, உடைந்துபோயிருக்கிறாள் என்று காத்லீன் பதில் சொல்கிறாள்.

நல்ல நாடகாசிரியர் பலர் இந்த இடத்தில் ஆணியைப் பற்றிப் பேசத் துணியமாட்டார்கள். உயர்ந்த துயரத்தின் நடுவே கடைச்சரக்கா என்று தோன்றும். ஆனால் சாவு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடக்கும் பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கும். மறதிக்கும் காரணம் உண்டு. மோரியா பலகை வாங்கியது மைக்கேலுக்கு. மைக்கேலின் உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத உடலுக்குப் பெட்டியை அறைந்து மூடும் ஆணியை எந்தத் தாய் நினைப்பாள்? இது என் ஊகம்தான்.

மாணவியின் கேள்விக்குப் பதிலை நாடகம் சொல்லவில்லை. ஆனால் யாரும் அதைப் பெரிய சிக்கலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே பதில் என்று இப்போது நினைக்கிறேன். விடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ஆணி வரும். கேட்கவோ வாக்குக் கொடுக்கவோ தேவையில்லாத அளவுக்கு அது உறுதி.

இந்தப் பெண்ணும் ஆண்களும் ஆணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மறுபக்கம் மோரியா யாரையும் கவனிக்காமல் இருக்கிறாள். மைக்கேல் போன அன்று ஊற்றுவரை கேட்கும்படி அழுதவள் இன்று அமைதியாக இருக்கிறாளே, மைக்கேல்மேல்தான் பாசம் அதிகமோ என்று நோரா அக்காவிடம் கிசுகிசுக்கிறாள். ஒன்பது நாள் அழுது களைத்துவிட்டாள் என்கிறாள் காத்லீன். இரண்டும் தவறான விளக்கங்கள். பக்கத்திலேயே இருக்கும் மகள்களுக்கும் தாய் புரியவில்லை. கூட இருப்பதால் எல்லாம் புரிந்துவிடும் என்று சிங் நம்பவில்லை. புரியாமலேயே கூட இருக்கிறார்கள், ரொட்டி கொடுக்கிறார்கள், பெட்டி செய்கிறார்கள்.

கடைசி ஆசி

மோரியா மைக்கேலின் துணிகளை எடுத்து பார்ட்லியின் கால்மேல் பரப்புகிறாள். புனித நீரைத் தெளிக்கிறாள். காலியான கிண்ணத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்க்கிறாள். இனிக் கடல் தன்னை ஒன்றும் செய்ய முடியாது, இரவில் காற்றுக்கும் அலைக்கும் பயந்து விழித்திருக்க வேண்டாம் என்கிறாள். சாப்பிட ஈர மாவும் நாறும் மீனும்தான் மிஞ்சினாலும் நன்றாகத் தூங்கலாம் என்றும் சொல்கிறாள். இழக்க இனி ஒருவரும் இல்லாதவளின் நிம்மதி அது. கேட்கவே பயமாக இருக்கிறது.

நாடகம் அங்கேயே முடிந்திருந்தால் விதி என்று பேசுபவர்கள் சொல்வது முழுவதும் சரி. ஆனால் அவள் இன்னொன்று செய்கிறாள். பார்ட்லியின் ஆன்மாவுக்கும் மைக்கேலின் ஆன்மாவுக்கும் மற்ற மகன்களுக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறைவனின் கருணையை வேண்டுகிறாள். பிறகு தனக்காக. பிறகு, உலகத்தில் உயிரோடு எஞ்சியிருக்கும் ஒவ்வொருவருக்காகவும்.

காலையில் பெற்ற மகனுக்குச் சொல்ல முடியாமல் தொண்டையில் நின்ற ஆசிதான் இங்கே வெளியே வருகிறது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவன் இல்லை. ஆகவே அது எல்லோருக்கும் போகிறது. பலகையும் கயிறும் ரொட்டியும் போன வழியிலேயே ஆசியும் போகிறது. தன் மக்கள் அனைவரையும் இழந்தவள் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ஆசி சொல்கிறாள் என்பதைக் கிறிஸ்தவப் பிரார்த்தனையின் வழக்கமான முடிவு என்றும் கொள்ளலாம். அப்படிச் சொல்பவரோடு நான் வாதிடமாட்டேன். ஆனால் அந்தக் கடைசி வேண்டுதலுக்கு முன் ஒரு கணம் நிற்குமாறு ஒரு நல்ல நடிகையிடம் சொல்லிப் பாருங்கள். வழக்கமான முடிவாக அது கேட்காது.

மறுப்புகள்

நாடகத்தை முதலில் மறுத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1903-ல் பாரிஸில் சிங்கின் கையெழுத்துப் படியைப் படித்துவிட்டு, அரிஸ்டாட்டிலின் இலக்கணப்படி இது துன்பியல் நாடகம் ஆகாது என்றார். அளவும் சிறியது, நாயகியின் செயலால் வீழ்ச்சி நேரவில்லை. பின்னாளில் அவரே ஒரு நண்பருடன் சேர்ந்து இதை இத்தாலியில் மொழிபெயர்த்தார். 1918-ல் சூரிச்சில் அவர் சார்ந்த குழு இதை மேடையேற்றியபோது அவருடைய துணைவி நோரா பார்னக்கிள் காத்லீனாக நடித்தார். அவர் கால்வே ஊர்க்காரர். அந்தப் பேச்சு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாக இருந்திருக்காது.

இன்னும் கனமான மறுப்பு ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டினுடையது. அவர் அதைக் கட்டுரையாக அல்லாமல் நாடகமாகவே எழுதினார். 'திருமதி காரரின் துப்பாக்கிகள்' 1937-ல் பாரிஸில் மேடையேறியது. ஹெலனே வைகல் தாயாக நடித்தார். சிங்கின் கதையை பிரெக்ட் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குக் கொண்டுபோனார். கணவனை இழந்த மீனவப் பெண் தெரேசா காரர், மகன்களைப் போருக்கு அனுப்ப மறுக்கிறாள். துப்பாக்கிகளை ஒளித்து வைக்கிறாள். மீன் பிடிக்கப் போன மூத்த மகனை ஃபிராங்கோவின் படகுக்காரர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். பெண்கள் பிரார்த்தித்தபடி உள்ளே வர, உடலைப் பாயில் சுமந்து வருகிறார்கள். சிங்கின் காட்சிதான். ஆனால் காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு போர்முனைக்குப் புறப்படுகிறாள்.

பிரெக்டின் கேள்வி நியாயமானது. கூடி அழுவதோடு நின்றால் போதுமா? பார்ட்லியைக் கொன்றது கடல் மட்டுமா? சந்தையில் குதிரையை விற்றுத்தான் குடும்பம் நடக்க வேண்டும் என்ற நிலையும் கொன்றது. சிங் அதை மறைக்கவில்லை. குதிரைக்கு என்ன விலை போகும், பன்றியை வியாபாரி வந்தால் எவ்வளவுக்குத் தர வேண்டும், எரிப்பதற்கான பாசியை யார் திரட்டுவது என்று பார்ட்லி புறப்படும்முன் பேசுவதெல்லாம் அதுதான். ஆனால் அந்த வறுமைக்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஒரு பொருளில் மட்டும் இரு நாடகங்களும் சந்திக்கின்றன. காரர் வீட்டிலும் திரை விலகும்போது அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது. முடிவில் அவள் அதை எடுத்துப் போர்முனைக்குக் கொண்டுபோகிறாள். காத்லீன் பெட்டி செய்பவர்களுக்குக் கொடுக்கிறாள். பகைவன் ஒரு மனிதனாக இருக்கும் இடத்தில் பிரெக்டின் முடிவு பொருந்தும். கடலிடம் துப்பாக்கியோடு போக முடியாது. ஒருவர் முடிவை மற்றவர் முடிவைக் கொண்டு அளப்பது இருவருக்கும் அநீதி.

மேடையேற்றம்

இசையமைப்பாளர் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ் சிங்கின் வசனங்களை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு இதை ஓபராவாக்கினார். அது 1937-ல் அரங்கேறியது. அதே ஆண்டில்தான் பிரெக்டின் நாடகமும் வந்தது. பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கிய திரைப்படம் 1935-ஐச் சேர்ந்தது.

தமிழில் செய்ய நினைக்கும் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்கு இரண்டு விஷயங்கள். முதலாவது மொழி. சிங்கின் ஆங்கிலம் அயர்லாந்து மொழியின் சொல் வரிசையில் அமைந்தது; கிராமத்தார் பேச்சின் தாளம் அதில் உண்டு. அதைச் செந்தமிழில் மாற்றினால் ஆணியும் பன்றியும் வரும் இடங்கள் சிரிப்பாகிவிடும். ஏதேனும் ஒரு வட்டாரப் பேச்சுத் தமிழைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதிலேயே நிற்பது நல்லது. இரண்டாவது புலம்பல். நம் நடிகைகளுக்கு ஒப்பாரி நன்றாக வரும் என்பதால் அதை உரக்கப் பாடவைக்கும் ஆசை எழும். சிங்கின் மேடைக் குறிப்பு மெல்லிய குரலையும் மெதுவான அசைவையும்தான் கேட்கிறது. அது அடங்கியிருந்தால்தான், ஒரு பக்கம் மோரியா புனித நீர் தெளித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் ஆணி இருக்கிறதா என்று முதியவர் கேட்பது கடைசி வரிசைவரை கேட்கும்.